லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க ப்ரோ!

ஆன்லைன்ல ஏதாவது வித்துப் பார்த்திருக்கீங்களா நண்பர்களே? பழைய சைக்கிள், ஒரே செமஸ்டர் மட்டும் உழைச்ச டிராஃப்டர், சீனியர்கிட்ட வாங்கி ஜூனியர்கிட்ட தள்ளிவிடப் பார்த்த கால்குலேட்டர், எதுவா இருந்தாலும் சரி. போட்டோ போட்டு பத்து நிமிஷம் ஆகியிருக்காது, முதல் மெசேஜ் வந்துடும். வணக்கம் கிடையாது. பொருள் எப்படி இருக்குன்னு ஒரு கேள்வி கிடையாது. நேரா, "லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க ப்ரோ." முதல் விலையைப் பத்தியே இன்னும் பேச ஆரம்பிக்கல, அதுக்குள்ள கடைசி விலை வேணுமாம்!

கால்குலேட்டர்னா சிரிச்சிட்டுப் போயிடலாம். விக்கிற பொருள் கொஞ்சம் விலை கூடினதா, வீட்டுல ஒருத்தரோட மனசு ஒட்டினதா இருந்தா அந்தச் சிரிப்பு வராது. போன வருஷம் எங்க அப்பாவோட ராடோ வாட்சை ஆன்லைன்ல வித்துக் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. மொத்தம் 12 நாள். அதுல எனக்குப் புரிஞ்ச ஒரே ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு. அடிமாட்டு விலைக்குக் கேக்கிறவங்க எல்லாரும் நம்மள அவமானப்படுத்த வர்றதில்ல. பல நேரம் அவங்க சொல்றது பொருளோட விலையே இல்ல. அவங்க சந்தேகத்தோட விலை.

முதல்ல ராடோ பத்திக் கொஞ்சம். தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் பிறந்தவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஒரு காலத்துல வளைகுடாவுக்கு வேலைக்குப் போயிட்டு வந்தவர் கையில தங்கக் கலர்ல ஒரு ராடோ மின்னினா, "மனுஷன் நல்லா சம்பாதிச்சிருக்கார்"னு ஊர் முடிவு பண்ணிடும். சுவிட்சர்லாந்துல லெங்க்னாவ் என்கிற ஊர்ல 1917-ல தொடங்கின கம்பெனி. 1962-ல டயாஸ்டார்னு ஒரு மாடல் விட்டாங்க. கீறல் விழாத வாட்ச்னு பேர் வாங்கினது அதுதான். அதோட மேல்பகுதி டங்ஸ்டன் கார்பைடுல செஞ்சது. ஆமா, நம்ம வொர்க்‌ஷாப்ல லேத் மெஷின்ல மாட்டுற டூல் பிட்ல இருக்கே, அதே சமாச்சாரம்தான். கண்ணாடி சஃபையர். மோஸ் அளவுகோல்ல வைரம் 10-ன்னா சஃபையர் 9.

அப்பா ஷார்ஜாவுல 11 வருஷம் ஏசி மெக்கானிக்கா இருந்தவர். மூணாவது வருஷம் போனஸ் வந்தப்போ ஒன்றரை மாசச் சம்பளத்தைக் கொடுத்து இந்த டயாஸ்டாரை வாங்கினாராம். தினமும் கட்ட மாட்டார். கல்யாணம், காதுகுத்து, எங்க ஸ்கூல் ஆண்டு விழா, இதுக்கு மட்டும்தான். ஊருக்கே வந்து செட்டில் ஆன பிறகு பீரோவுலயே இருந்தது. போன வருஷம் தங்கச்சிக்கு நர்சிங் சீட் கிடைச்சது. கட்ட வேண்டியது 48,000 ரூபாய், கையில இருந்தது 28,000. அம்மா கழுத்துல இருந்த சங்கிலியை பேங்க்ல வைக்கலாம்னு சொன்னாங்க. அப்பாதான், "சங்கிலியை ஏன் வைக்கணும்? வாட்ச் சும்மா பீரோவுல தூங்குது. நீ அந்த ஆன்லைன்ல போட்டு வித்துக் குடுடா"ன்னார்.

அதே மாடல் என்ன விலைக்குப் போகுதுன்னு ஒரு வாரம் பார்த்தேன். விளம்பரத்துல போட்டிருக்கிற விலையை இல்ல, நிஜமா கைமாறின விலையை. இது ரெண்டும் வேற வேற. யார் வேணும்னாலும் 60,000-ன்னு போடலாம், வாங்க ஆள் வரணுமே. திருச்சியில ரெண்டு வாட்ச் கடையிலயும் விசாரிச்சேன். கடைசியில 25,000 ரூபாய்னு போட்டோம். 20,000-க்குக் கீழ கிடையாதுன்னு அப்பா, அம்மா, நான் மூணு பேரும் பேசி ஒரு பேப்பர்ல எழுதியும் வெச்சோம். அந்தப் பேப்பர் எவ்வளவு உதவுச்சுன்னு பின்னாடி சொல்றேன்.

மெசேஜ் வர ஆரம்பிச்சது. "5,000-க்கு தர்றீங்களா?" "பர்மா பஜார் மாலா ஒரிஜினலா?" "என்கிட்ட ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் இருக்கு, மாத்திக்கலாமா?" "8,000, இன்னைக்கே கேஷ்." "ப்ரோ ஸ்டூடன்ட் ப்ரோ, 3,000 ப்ரோ." ராடோ கேக்கிற அளவுக்கு நம்ம ஸ்டூடன்ட் சமுதாயம் வளர்ந்திருக்குன்னு நினைச்சா பெருமையாத்தான் இருந்தது!

ஆனா அப்பாவுக்குச் சிரிப்பு வரல. சாயங்காலம் ஆனா, "எவ்ளோக்குக் கேக்கிறாங்க?"ன்னு ஃபோனை வாங்கி அவரே படிப்பார். மூணாவது நாள் அந்த 5,000 ரூபாய் மெசேஜையே ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தார். "அங்க 45 டிகிரி வெயில்ல மொட்டை மாடியில நின்னு ஏசி மாட்டி வாங்கினதுடா இது"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "வேணாம், விளம்பரத்தை எடுத்துடு. சங்கிலியையே வெச்சுக்கலாம்." யாரோ ஒருத்தர் பஸ்ல போற நேரத்துல கட்டைவிரலால தட்டிவிட்ட நாலு இலக்கம், எங்க வீட்டுல ஒரு மனுஷனோட 11 வருஷத்துக்குப் போட்ட மார்க் மாதிரி இறங்குச்சு.

இந்த இடத்துல நம்ம ஊர் மாட்டுச் சந்தையை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. மணப்பாறை, பொள்ளாச்சி சந்தைக்குப் போனவங்களுக்குத் தெரியும். மாட்டோட பல்லைப் பிடிச்சுப் பார்க்காம, நடக்கவிட்டுப் பார்க்காம விவரம் தெரிஞ்ச யாரும் விலை சொல்ல மாட்டாங்க. அதுக்கப்புறம்தான் துண்டுக்கு அடியில கையை விட்டு, விரலைப் பிடிச்சு பேரம். குறைச்சுக் கேட்டாலும் அது அந்த ரெண்டு கைக்குள்ளதான் இருக்கும், நாலு பேர் முன்னாடி மாட்டுக்காரர் முகம் சுருங்க வேண்டியதில்ல. ஆன்லைன்ல துண்டும் கிடையாது, பல்லும் தெரியாது. நாலு போட்டோவை மட்டும் பார்த்துட்டு ஒரு ஆள் விலை சொல்லணும். அவர் என்ன விலை சொல்லுவார்?

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. ஜார்ஜ் அகெர்லாஃப்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர். பழைய கார் சந்தையை வெச்சு 1970-ல ஒரு கட்டுரை எழுதினார். விக்கிறவருக்கு வண்டியோட உண்மை நிலை தெரியும், வாங்குறவருக்குத் தெரியாது. அதனால வாங்குறவர் நல்ல வண்டிக்கும் மோசமான வண்டிக்கும் நடுவுல ஒரு விலையைத்தான் சொல்லுவார். அந்த விலை நல்ல வண்டி வெச்சிருக்கிறவருக்குக் கட்டுப்படியாகாது, அவர் சந்தையை விட்டே போயிடுவார். மிச்சம் இருக்கிறது மோசமான வண்டிதான். 2001-ல அவருக்குக் கிடைச்ச நோபல் பரிசுக்கு வழிவகுத்த ஆராய்ச்சி இதுதான். எங்க அப்பா "விளம்பரத்தை எடுத்துடு"ன்னு சொன்னாரே, அகெர்லாஃப் சொன்ன அந்த நல்ல வண்டிக்காரர் அவரேதான்!

நம்ம ப்ராபபிலிட்டி பேப்பர்ல வர்ற எதிர்பார்ப்பு மதிப்பை இதுல போட்டுப் பாருங்க. ஒரிஜினல்னா இந்த வாட்ச் ஒருத்தருக்கு 22,000 பெறும்னு வெச்சுக்கங்க. போலின்னா 500. ராடோவுல போலி எக்கச்சக்கம். அதனால "ஒரிஜினலா இருக்க 40 சதவீதம்தான் வாய்ப்பு"ன்னு அவர் நினைக்கிறார். 0.4 × 22,000 = 8,800. 0.6 × 500 = 300. கூட்டினா 9,100. அந்த ஆள் 9,000-க்குக் கேட்டா அது பேராசை இல்ல, சரியான கணக்கு. இப்ப அதே ஆளோட நம்பிக்கையை 90 சதவீதத்துக்குக் கொண்டு போங்க. 19,800 + 50 = 19,850. வாட்ச் மாறல, ஆள் மாறல. சந்தேகம் குறைஞ்சது, விலை ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடுச்சு.

அப்ப நம்ம வேலை என்ன? "இது எங்க அப்பா உழைச்சு வாங்கினது சார்"னு உருகுறது இல்ல. "5,000-க்கு டைட்டன் வாங்கிக்கோ"ன்னு சண்டை போடுறதும் இல்ல. பல்லைக் காட்டுறது.

அப்பாகிட்ட இந்தக் கணக்கை எழுதிக் காட்டினேன். முழுசா சமாதானம் ஆகல, ஆனா "சரி, இன்னும் ஒரு வாரம் பாரு"ன்னார். மறுநாளே தெரிஞ்ச வாட்ச் மெக்கானிக் கடைக்கு எடுத்துட்டுப் போய் பின்மூடியைத் திறந்து உள்ள இருக்கிற இயந்திரத்தைப் போட்டோ எடுத்தோம். அதுல இருக்கிற ஈடிஏ முத்திரை தெளிவாத் தெரியற மாதிரி. பின்மூடியில பொறிச்சிருக்கிற மாடல் எண்ணையும் கிட்டத்துல எடுத்தோம். டயலைப் பகல் வெளிச்சத்துல, ஃபில்டர் இல்லாம. செயின்ல தங்கப் பூச்சு போன இடம் ரெண்டு இருந்தது, அதை மறைக்காம தனியா ஒரு போட்டோ. செகண்ட் முள் எப்படி ஓடுதுன்னு அரை நிமிஷ வீடியோ. ஆட்டோமேட்டிக் வாட்ச்ல அந்த முள் வழுக்கிட்டுப் போற மாதிரி ஓடும். மலிவான பேட்டரி வாட்ச்ல நொடிக்கு ஒருதரம் குதிக்கும்.

டயல் போட்டோ ஏன் முக்கியம்னா, நம்ம நாட்டுல பழைய வாட்ச் வாங்குறவங்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. டயலுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சு, நாலு வாட்சோட பாகங்களைச் சேர்த்து ஒரு வாட்ச் ஆக்கி வித்துடுவாங்க. பழைய வாட்ச் சேகரிக்கிற வெளிநாட்டுக்காரங்க மும்பையில இருந்து வர்ற வாட்ச்னாலே ஒண்ணுக்கு ரெண்டு தடவை பார்க்கிறது இதனாலதான். டயல்ல எழுத்து பிசிறு அடிச்சிருந்தா கண்டுபிடிச்சிடுவாங்க. மங்கலான போட்டோ போட்டா அந்தச் சந்தேகத்தை நாமளே ஊட்டி வளர்க்கிற மாதிரி.

புதுப் போட்டோ போட்ட பிறகு அடிமாட்டு விலை நின்னுடுச்சான்னு கேக்காதீங்க. நிக்கல. அது நிக்கவே நிக்காது. ஆனா யார் எந்த ரகம்னு பிரிச்சுப் பார்க்க முடிஞ்சது.

முதல் ரகம் பொழுதுபோக்கு. 3,000, ப்ளூடூத் ஸ்பீக்கர் கோஷ்டி. நூறு பேருக்கு அனுப்புவாங்க, ஒண்ணு மாட்டினா லாபம். அவங்களுக்குக் கேக்கிறதுக்குச் செலவே இல்ல. "நன்றி ப்ரோ, கட்டுப்படியாகாது"ன்னு ஒரு வரி. அதுக்கு மேல டைப் பண்ணக் கூடாது. கோபப்பட்டா நம்ம சாயங்காலம்தான் வீணாகும்.

ரெண்டாவது ரகம் வியாபாரி. திருச்சியில ஒரு கடைக்காரர் 12,000 சொன்னார். அப்பாவுக்குக் கோபம். ஆனா அவர் பக்கம் யோசிங்க. அவர் சர்வீஸ் பண்ணணும், ஷோகேஸ்ல மாசக்கணக்குல பணத்தை முடக்கணும், கடை வாடகை கட்டணும், அப்புறம் லாபமும் பார்க்கணும். காய்கறியையே நாம தோட்டத்து விலையில கடையில வாங்குறது இல்லையே. அவசரம்னா வியாபாரி விலை நியாயம்தான். நமக்கு இன்னும் நாள் இருந்தது, அதனால மரியாதையா வேண்டாம்னு சொல்லிட்டு வந்தோம்.

மூணாவது ரகம்தான் சந்தேகக்காரர். இவர் முதல்ல வியாபாரியை விடக் குறைச்சுக் கேப்பார். ஆனா கேட்டுட்டுப் போயிட மாட்டார், கேள்வி மேல கேள்வி கேப்பார். "கிரீடத்தைத் திருகினா தேதி மாறுதா?" "சர்வீஸ் எப்ப பண்ணினது?" "இந்த எண்ணை இன்னும் கிட்டத்துல காட்ட முடியுமா?" கரூர்ல இருந்து ஒரு அண்ணன் இப்படித்தான் 9,000-ல ஆரம்பிச்சார். வீட்டுல எல்லாரும் அவரை முதல் ரகத்துல சேர்க்கச் சொன்னாங்க. கேள்வி கேக்கிறவரை விடக் கூடாதுன்னு நான் ஒவ்வொண்ணுக்கும் போட்டோவோட பதில் அனுப்பினேன். ரெண்டு நாள்ல 9,000 என்பது 14,000 ஆச்சு, அப்புறம் 18,000. நடுவுல நான் எங்க விலையை ஒரு ரூபாய் கூட இறக்கல. பேரமே பேசல. சந்தேகத்துக்குத்தான் பதில் சொன்னேன்.

இப்ப அந்தப் பேப்பர் விஷயம். 1974-ல டிவெர்ஸ்கி, கானமன்னு ரெண்டு உளவியல் அறிஞர்கள் ஒரு சோதனை பத்தி எழுதினாங்க. ஒரு சக்கரத்தைச் சுத்தி விடுவாங்க. அது 10-லயோ 65-லயோ மட்டும்தான் நிக்கும். அப்புறம், ஐ.நா. சபையில இருக்கிற நாடுகள்ல ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம்னு கேப்பாங்க. 10-ஐப் பார்த்தவங்க சராசரியா 25-ன்னாங்க, 65-ஐப் பார்த்தவங்க 45-ன்னாங்க. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா முதல்ல காதுல விழுந்த எண், மனசுல நங்கூரம் மாதிரி இறங்கிடுது.

எங்க வீட்டுலயும் அதேதான் நடந்தது. நாலு நாள் 5,000, 8,000-ன்னு கேட்டுக் கேட்டு, "15 கிடைச்சாலே போதும்டா"ன்னு அப்பாவே சொல்ல ஆரம்பிச்சுட்டார். அப்பதான் அந்தப் பேப்பரை எடுத்தோம். 20,000-ன்னு அவர் கையெழுத்திலயே இருந்தது. மெசேஜ் எதுவும் வராதப்போ, மனசு தெளிவா இருந்தப்போ எழுதினது. ராடோ டயல்ல ஒரு குட்டி நங்கூரம் இருக்கும், வாட்சைத் திருப்பினா அது தானா சுத்தும். நம்ம மனசுல இறங்கிற நங்கூரம் அவ்வளவு லேசா சுத்தாது. அதனால முதல்ல நீங்களே ஒண்ணு போட்டு வெச்சுக்கங்க.

இன்னொண்ணு. அந்த 20,000-ல நிக்க முடிஞ்சதுக்குக் காரணம் பேப்பர் மட்டும் இல்ல, அம்மாவோட சங்கிலியும்தான். விக்கலேன்னா வேற வழி இருக்குன்னு தெரிஞ்சதால வேண்டாம்னு சொல்ல முடிஞ்சது. வேற வழியே இல்லாதவங்க அடிமாட்டு விலைக்குத் தலையாட்டினா அதைத் தப்புன்னு சொல்ல நமக்கு உரிமை இல்ல. ஆனா ஒண்ணு செய்யலாம். "அவசர விற்பனை", "பணம் தேவை"ன்னு விளம்பரத்துல எழுதாதீங்க. ஃபீஸ் கட்டுற கடைசித் தேதி எதுன்னு நாங்க ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல.

பதினோராவது நாள் கரூர் அண்ணன் திருச்சிக்கு வந்தார். வீட்டுக்குக் கூப்பிடல, மெக்கானிக் கடையில சந்திச்சோம். அப்பாவும் வந்தார். மெக்கானிக் கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு மூடியைத் திறந்து காட்டினார். கண்ணாடி மேல ஒரு சொட்டுத் தண்ணி விட்டார், அது பரவாம முத்து மாதிரி நின்னது. அந்த அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துட்டு, "போன வருஷம் 14,000 குடுத்து ஒரு போலியை வாங்கி ஏமாந்தேன் சார். அதான் உங்க பையன்கிட்ட அவ்வளவு குறைச்சுக் கேட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க"ன்னு அப்பாகிட்ட சொன்னார். விலை 21,000-ல முடிஞ்சது. அப்பாதான் அந்தக் கடைசி ஆயிரத்தைப் பத்திப் பேசாம தலையாட்டினார்.

பணம் அக்கவுன்ட்ல ஏறினதை எஸ்.எம்.எஸ்.ல இல்ல, பேங்க் ஆப்ல பார்த்து உறுதி பண்ணினோம். மாடல் எண், தேதி, தொகை எல்லாம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு காப்பி. அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, கட்டுவீங்களா, இல்ல கைமாத்திடுவீங்களா?" அந்த அண்ணன் பதில் சொல்லல. வாட்சைக் கையில போட்டுப் பார்த்துட்டு, "செயின்ல ரெண்டு கண்ணி எடுத்துடுங்க, லூசா இருக்கு"ன்னு மெக்கானிக்கிட்ட கொடுத்தார். கழட்டின கண்ணிங்களை மெக்கானிக் ஒரு சின்ன கவர்ல போட்டு அவர்கிட்டயே கொடுத்தார். பஸ்ல திரும்பி வரும்போது அப்பா, "கட்டுவான்"னு மட்டும் சொன்னார்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஒண்ணு, விலையே பேசாம "உடனே வாங்கிக்கிறேன்"னு ஒருத்தர் வந்தா சந்தோஷப்படாதீங்க. ராணுவத்துல இருக்கேன், நேர்ல வர முடியாது, பணம் அனுப்பறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கன்னு சொல்லுவாங்க. யுபிஐ பின் நம்பர் பணம் அனுப்பத்தான் வேணும், வாங்குறதுக்கு வேணவே வேணாம். ஏமாந்துட்டா உடனே 1930-க்கு ஃபோன் பண்ணுங்க.

ரெண்டு, நாமளும் வாங்குறவங்கதான். பழைய லேப்டாப்போ பைக்கோ தேடி நாளைக்கே யார் விளம்பரத்துலயோ போய் நிப்போம். குறைச்சுக் கேளுங்க, அது உங்க உரிமை. கூடவே ஏன் குறைச்சுக் கேக்கிறீங்கன்னு ஒரு வரி சேர்த்துடுங்க. "பேட்டரி நிலைமை தெரியாததால இவ்வளவு சொல்றேன், ரிப்போர்ட் காட்டினா ஏத்திக் கொடுக்கிறேன்"னு எழுத அரை நிமிஷம் ஆகாது. அந்தப் பக்கம் மெசேஜைப் படிக்கிறது யாரோட அப்பான்னு நமக்குத் தெரியாது இல்லையா?